கலவைக்கு நீர் வார்த்த வள்ளல்

கொடைக்குப் பெயர்பெற்ற வள்ளல்கள் நம் மண்ணில் எழுவர் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். முல்லைக்கொடி கேளாமலே அதற்குத் தேர் கொடுத்தார் ஒருவர். மயில் கேளாமலே அதற்குப் போர்வை கொடுத்தார் இன்னொருவர். ஏழோடு கணக்கை முடித்த புலவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள் என்பது அடியேனின் பணிவான கருத்து. சென்னைப் புறநகரில், மனைபிரித்து விற்ற பழைய வயல்களின் நடுவே, கான்கிரீட் கலவை கேளாமலே அதற்குத் தண்ணீர் கொடுக்கும் பெருந்தகை ஒருவர் தோன்றப்போகிறார் என்று அறிந்திருந்தால், எட்டாவது ஆசனம் ஒன்றைத் துடைத்துக் காலியாக வைத்திருப்பார்கள்.

அவருடைய திருப்பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது கைகூப்பிய திருவுருவப் படத்தோடு, கட்டடத்தின் உயரத்தில் பாதியை எட்டும் ஃபிளெக்ஸ் பலகையில் ஏற்கெனவே எழுந்தருளியிருக்கிறது. நான் வேறு எழுதினால் கூறியது கூறல் என்னும் குற்றமாகும். காண்ட்ராக்டர் பெருமகனார் என்றே குறிப்பிடுகிறேன். பக்கத்து மனைக்காரன் என்ற ஒரே தகுதியால், அவருடைய லீலைகளை மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி கட்டணமின்றிக் காணும் பேறு பெற்றவன் நான்.

பெருமகனார் இத்தொழிலுக்கு எழுந்தருளிய வரலாறே மெய்சிலிர்க்க வைப்பது. மனைத் தரகில் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தவருக்கு, வெறும் மனையை விற்பதைவிட அதன்மேல் ஒரு வீட்டை வைத்து விற்றால் என்ன என்று ஒரு நாள் காலைக் காபியின்போது திருவுள்ளத்தில் உதித்ததாம். மாலைக்குள் விசிட்டிங் கார்டு அச்சாகிவிட்டது. நான்காண்டுகள் சிவில் என்ஜினியரிங் படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளும் பிள்ளைகளும், மீசை முளைக்குமுன் கலவைச் சட்டி தூக்கத் தொடங்கி நரை விழும்வரை கற்றுக்கொண்டே இருக்கும் கொத்தனார்களும், இந்த ஒரு பகல் பயிற்சியின் முன் நாணித் தலைகுனியத்தான் வேண்டும். எதையும் படிக்காததால் அவருக்கு எதுவும் மறந்துபோவதில்லை. எதையும் தம் கையால் செய்யாததால் அந்தக் கையால் ஒரு பிழையும் நேர்ந்ததில்லை. இவ்வளவு மாசற்ற கைகளைக் கட்டடத் தொழிலில் வேறெங்கும் காண்பது அரிது. சிமென்ட் தின்ற விரல் நுனிகளோ, ஆணி ஏறிய தழும்போ அவற்றில் கிடையா.

அவருடைய ஆளுகையின்கீழ் வேலைசெய்யும் கொத்தனாரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஐம்பதைத் தாண்டியவர். அவருடைய தகப்பனார் சுண்ணாம்புக் காலத்து மனிதர். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை விட்டுச் சுண்ணாம்பை அரைத்து, பூசிய சுவரில் முகம் பார்க்கலாம் என்னும்படி தேய்த்தெடுத்த தலைமுறை. மகன் முதலில் மண் சுமந்தார், பிறகு கலவை குழைத்தார், பிறகு மணியாசுக் கட்டையைப் பிடித்தார், அதன் பிறகுதான் சுவரில் கரணை வைக்க விடப்பட்டார். ஒரு சுவரைப் பார்த்த மாத்திரத்தில், தூக்குக்குண்டு விடுமுன்பே, அது எந்தப் பக்கம் எத்தனை நூல் சாய்கிறது என்று சொல்லிவிடுவார். செங்கல்லைத் தண்ணீரில் ஊறப்போடாமல் தொடமாட்டார். காய்ந்த கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பார். ஒரே நாளில் ஒன்றரை மீட்டருக்கு மேல் சுவரை ஏற்றமாட்டார். ஏன் என்று கேட்டால், "கீழ வரிசை இறுகணுமில்ல சார்" என்பதோடு பேச்சை முடித்துக்கொள்வார். இந்தியத் தர நிறுவனம் அதே ஒன்றரை மீட்டரைத்தான் அச்சடித்து வைத்திருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியாது.

இவ்வளவு ஆபத்தான அறிவு படைத்த ஒருவரை ஆண்டுக்கணக்காகத் தம் அருகிலேயே வைத்துக்கொண்டும், அதில் ஒரு துளிகூடத் தம்மேல் தெறிக்காமல் தம்மைக் காத்துக்கொண்டு வருகிறாரே, அதுவன்றோ பெருமகனாரின் முதற்பெரும் சாதனை!

அவருடைய பெருமை முழுமையாக ஒளிவீசுவது தளம் போடும் நாளில்தான். அக்கினி நட்சத்திரக் காலம் அது. "காலையில ஆறு மணிக்கே ஆரம்பிச்சிட்டா வெயிலுக்கு முன்னாடி முக்கால்வாசி முடிச்சிடலாம் சார்" என்று கொத்தனார் முந்தைய நாளே விண்ணப்பித்திருந்தார். கான்கிரீட் கோஷ்டியும் ஆறு மணிக்கே வந்து, மெஷினைச் சுற்றி உட்கார்ந்து பீடி புகைத்து, பீடி தீர்ந்து, பேச்சும் தீர்ந்து, பதினொரு மணிவரை ஓய்வெடுக்கும் வாய்ப்புப் பெற்றது. ஏனெனில் பெருமகனார் வந்துதான் பூசை. பூசை முடிந்துதான் முதற்சட்டி. உழைப்பாளர்க்கு வேலை தொடங்குமுன்னரே ஐந்து மணிநேர ஓய்வளிக்கும் முதலாளியை எந்தத் தொழிற்சங்கத் தலைவராவது கனவிலேனும் கண்டிருப்பாரா? அந்த ஐந்து மணிநேரத்தை இரவில் விளக்குப் போட்டு ஈடுசெய்ய வேண்டும் என்று பிற்பாடு ஆணை பிறந்தது உண்மைதான். ஓய்வின் அருமை அப்போதுதானே புரியும்?

உச்சி வெயிலில் கார் வந்து நின்றது. எம்-சாண்ட் குவியலின்மேல் ஒரு சக்கரம் ஏறி நின்றது என்று திருத்திச் சொல்ல வேண்டும். தேங்காய் உடைந்தது. கற்பூரம் அணைந்தது. கலவை மெஷின் சுழலத் தொடங்கிச் சில நிமிடங்களுக்குள் பெருமகனார் திருவாய் மலர்ந்தருளினார்: "என்னய்யா இது, உப்புமா மாதிரி கெட்டியா இருக்கு? சும்மா ரசம் மாதிரி ஓட வேண்டாமா?"

கொத்தனார் ஒரு பிடி கலவையைக் கையில் எடுத்து இறுக்கிக் காட்டினார். "இதுதான் சார் பதம். தண்ணி ஏறிச்சின்னா பலம் போயிடும்."

"எனக்கே பாடம் எடுக்கிறியா நீ? ஏம்ப்பா, அந்தப் பைப்பைத் திருப்பு."

இந்த இடத்தில் பெருமகனாரின் கொடையை வாசகர்கள் அளந்து பார்த்து வியப்பதற்காக ஒரு சிறு கணக்கு. ஒரு மூட்டை சிமென்ட் 50 கிலோ. கம்பி போட்ட கான்கிரீட்டில், சாதாரணச் சூழலில்கூட, சிமென்ட்டின் எடையில் 0.55 பங்குக்கு மேல் தண்ணீர் சேரக்கூடாது என்கிறது தர நூல். அதாவது மூட்டைக்கு 27 லிட்டர், இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் அரை லிட்டர் கூட. அதிலும் சிமென்ட் தன்னோடு வேதியியல் முறையில் கட்டிவைத்துக்கொள்வது எடையில் ஏறத்தாழக் கால் பங்கைத்தான். மிச்சமெல்லாம் கலவை இளகுவதற்காக வந்துபோகும் விருந்தாளி. போகும்போது தான் இருந்த இடத்தில் நுண்துளைகளை விட்டுவிட்டுப் போகும். தண்ணீர் கூடக்கூடத் துளை கூடும், துளை கூடக்கூட வலு குறையும். இப்படிக் கருமித்தனமாக விதிகள் எழுதிவைத்த அறிஞர்களைப் பெருமகனார் ஒரு பைப்பின் முனையால் வென்றார். மூட்டைக்கு எத்தனை லிட்டர் போயிற்று என்பதைக் கணக்கிட இயலாது. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாத பெருங்கொடை அது. கலவை உண்மையிலேயே ரசமாக ஓடியது. பலகைச் சந்துகளின் வழியே சிமென்ட் பால் ஒழுகிக் கீழ்த்தளத்துத் தரையையும் புனிதப்படுத்தியது. ஜல்லி மட்டும் மேலே தங்கிவிட்டது.

கலவையைக் கம்பிகளின் இடுக்கெல்லாம் இறங்கச் செய்யும் வைப்ரேட்டரை வாடகைக்கு எடுக்கும் எண்ணம் அவருக்கு இல்லை. மின்சாரத்தின் துணையை நாடுவது மனித ஆற்றலை அவமதிப்பதாகும் என்று கருதினார் போலும். ஒரு கம்பித் துண்டைச் சித்தாள் பையன் கையில் கொடுத்துக் "குத்து" என்று பணித்தருளினார். பையன் குத்தினான். அவனுக்கு வயது என்ன என்பதைக் கேட்பது விழாவின் மங்கலத்தைக் கெடுக்கும்.

மூன்று மணி அளவில் சிமென்ட் தீர்ந்தது. எத்தனை மூட்டை வேண்டும் என்று கொத்தனார் ஒரு வாரம் முன்பே துண்டுச் சீட்டில் எழுதிக்கொடுத்திருந்தார். கொத்தனார்கள் எப்போதும் கூட்டித்தான் கேட்பார்கள் என்ற மனித இயல்பின் ஆழ்ந்த ஞானத்தால் பெருமகனார் அதில் ஒரு பகுதியைக் குறைத்தே வாங்கியிருந்தார். மிச்சத்துக்கு வண்டி போய்த் திரும்பும்வரை பாதித் தளம் வெயிலில் காத்திருந்தது. சிமென்ட் அரைமணிக்கு முன் இறுகத் தொடங்கக் கூடாது என்று தர நூல் நிபந்தனை விதிக்கிறது. அண்ணா சாலையின் போக்குவரத்து நெரிசல் தீரும்வரை அது பொறுத்திருக்கும் என்று எங்கும் வாக்குறுதி தரவில்லை. வண்டி வந்து சேர்ந்தபோது பழைய பாதி முறுக்கிக்கொண்டு நின்றது. கொத்தனார் அதன் ஓரத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, தண்ணீர் தெளித்து, சிமென்ட் பால் ஊற்றி, புதிய பாதியை அதனோடு எப்படியாவது ஒட்டவைக்கப் பார்த்தார். இருட்டிவிட்டது. ஒற்றை பல்பு வெளிச்சத்தில் அவர் மண்டியிட்டு, இரு பாதிகளும் சேரும் அந்த மூட்டைத் தடவிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். பெருமகனார் அதற்குள் கிளம்பியிருந்தார். ஓரிடத்திலேயே தங்கி அருளைக் குறுக்கிக்கொள்வது அவர் வழக்கமல்ல.

கம்பியின் மீது அவருக்குள்ள பாசத்தைத் தனியே சொல்ல வேண்டும். தளத்துக் கம்பிக்கு அடியில் குறைந்தது 20 மில்லிமீட்டரும், தூண் கம்பிக்கு வெளியே 40 மில்லிமீட்டரும் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்பது விதி. அதற்காகக் கம்பிக்கு அடியில் சின்னஞ்சிறு கவர் பிளாக்குகளை வைப்பார்கள். கம்பியை இப்படிக் காற்றும் வெளிச்சமும் படாமல் புதைத்துவைப்பதைப் பெருமகனாரின் ஈர நெஞ்சம் ஏற்கவில்லை. "ஜல்லியை வச்சுத் தூக்கிக்கலாம், போ" என்றார். கான்கிரீட் இறங்கியதும் ஜல்லி உருண்டது, கம்பி பலகைமேல் நிம்மதியாகப் படுத்துக்கொண்டது. சில மழைக்காலங்கள் கழிந்தால் அது துருவேறித் தான் இருந்த இடத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேலாக உப்பி, மேலுள்ள பூச்சைப் பெயர்த்துத் தள்ளிவிட்டு, வீட்டுக்காரர்களைக் கூரையிலிருந்தே எட்டிப் பார்க்கும். தூண்களில் கட்டும் ரிங்குகளின் கொக்கியை 135 பாகைக்கு உள்நோக்கி மடிக்க வேண்டும் என்று கம்பி வேலைக்காரரிடம் கொத்தனார் சொல்லிக்கொண்டிருந்தார். நிலம் குலுங்கினால் ரிங் பிரிந்துகொள்ளாமல் இருக்க அந்த மடிப்பு. 2002-இல் சென்னையை நிலநடுக்க வரைபடத்தில் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏற்றிவிட்டார்கள். பெருமகனாருக்கோ பூமாதேவியின் பொறுமையில் அசையாத நம்பிக்கை. நேராக 90 பாகைக்கு மடித்தால் ரிங்குக்கு விரற்கடைக் கம்பியும் ஒரு நிமிடமும் மிச்சம் என்று கண்டறிந்தார். அந்தக் கண்டுபிடிப்புக்கு இன்னும் யாரும் விருது அறிவிக்கவில்லை.

அடுத்து வருவதுதான் கொடையின் உச்சம். கான்கிரீட் இறுகிய பிறகுதான் அதற்கு உண்மையில் தாகம் எடுக்கும். தளத்தின்மேல் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கிக் குறைந்தது ஏழு நாள், இப்போது கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் கலப்புச் சிமென்ட்டானால் பத்து நாளாவது ஈரம் காயாமல் காக்க வேண்டும். அந்த நாட்களில்தான் அது தன் வலுவின் பெரும்பகுதியை ஈட்டுகிறது. மறுநாள் விடியற்காலையிலேயே கொத்தனார் பாத்தி கட்டிவிட்டு மோட்டார் போடச் சொன்னார். கலவைக்கு வரையாது வழங்கிய வள்ளல் இப்போது சிக்கனத்தின் திருவுருவானார். "லாரித் தண்ணி என்ன விலைன்னு தெரியுமா? காலையில ஒருதரம் தெளிச்சா போதும்." எந்த இடத்தில் தண்ணீர் கூடாதோ அங்கே ஆறாய்ப் பெருக்கி, எந்த இடத்தில் தண்ணீர் வேண்டுமோ அங்கே துளியும் சிந்தாமல் காக்கும் இந்தச் சமன்பாட்டை, மேட்டூர் அணையின் மதகு காக்கும் அதிகாரிகளும் வந்து பாடம் கேட்கலாம். கொத்தனார் என்ன செய்தார் தெரியுமா? மதிய உணவு வேளையில், கை கழுவப் பிடித்து வைத்திருந்த டிரம்மிலிருந்து குடம் குடமாகச் சுமந்துபோய்ப் பாத்தியில் ஊற்றினார். சித்தாள் பெண்கள் இருவர் சொல்லாமலே கூடப் போனார்கள். பெருமகனாரின் நீர்வளக் கொள்கையைத் திரைமறைவில் குலைத்த இந்தத் துரோகத்தை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

அதுமட்டுமா? நாலரை மீட்டர் அகலம்வரை உள்ள தளத்தின் முட்டுகளை ஏழு நாளுக்கு முன்பும், அதைவிட அகலமானால் பதினான்கு நாளுக்கு முன்பும் எடுக்கக்கூடாது என்று ஒரு விதி உண்டு. ஆனால் இன்னொரு மனையில் இன்னொரு தளம் காத்திருந்தது, சென்ட்ரிங் சாமானோ வாடகைக்கு எடுத்தது. ஐந்தாம் நாள் முட்டுகள் விடுதலை பெற்றன. கொத்தனார் மட்டும் வாதாடி, நடுவில் நாலு சவுக்குக் கட்டைகளை விட்டுவைக்கும்படி கெஞ்சி வாங்கினார். "உனக்கு ரொம்பத்தான் பயம்யா" என்று பெருமகனார் சிரித்தருளினார். பயம் என்பதே அறியாத நெஞ்சம் அவருடையது. அந்தத் தளத்தின் அடியில் அவர் ஒருநாளும் நிற்காததற்கும் அந்த வீரத்துக்கும் தொடர்பு கற்பிப்பவர்கள் அற்பர்கள்.

2014-ஆம் ஆண்டு ஜூன் 28 அன்று, மாலை மழையில், மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் ஒன்று சரிந்து 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கூலி வேலைக்கு வந்தவர்கள், வெளி மாநிலத்துக்காரர்கள். மழைக்கு ஒதுங்கியவர்களும் அதில் உண்டு. இடி விழுந்ததால் நேர்ந்தது என்று அப்போது ஒரு பேச்சும் எழுப்பப்பட்டது. அந்தச் செய்தி பெருமகனாரின் உள்ளத்தை உலுக்கிவிட்டது என்று அவரோடு அப்போது வேலைசெய்தவர்கள் சொல்கிறார்கள். உடனடியாக வேலையை நிறுத்தினார். அதிகாரிகள் தளம் தளமாகச் சுற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, உறையில் மடித்து வைத்திருந்த மஞ்சள் தலைக்கவசங்களை எடுத்து எல்லோர் தலையிலும் தம் திருக்கரத்தாலேயே சூட்டி, போட்டோ பிடித்து, மறுபடி உறையிலிட்டுப் பத்திரப்படுத்தினார். பொருளைப் புதிதுபோல் பேணும் அந்தப் பண்பை எங்கே காணலாம்? இடியைப் பற்றியும் அன்றே மனத்தில் குறித்துக்கொண்டார். வருண பகவான், இந்திரன் முதலிய தேவர்களும் கட்டட வேலையில் பொறுப்பேற்கக் கூடியவர்கள் என்பது அவருக்கு அப்போதுதான் தெரியவந்தது.

தேவர்கள் கைக்கு எட்டாதபோது கொத்தனார் இருக்கிறார். இதில் பெருமகனார் தீர்த்துவைத்த தத்துவச் சிக்கல் சாதாரணமானதல்ல. கொத்தனாருக்கு அறிவு உண்டா, இல்லையா? தளம் போடும் நாளில் விடை: "நீ என்ன என்ஜினியரா? சொன்னதைச் செய்." ஆறு மாதம் கழித்து, அந்த மூட்டின் நெடுகிலும் கீறல் விழுந்து வீட்டுக்காரர் கைபேசியில் படம்பிடித்துக் காட்டும் நாளில் விடை: "இத்தனை வருஷமா கரணை பிடிக்கிற, உனக்குத் தெரியாதாய்யா?" ஒரே மனிதருக்குள் அறிவின்மையும் முற்றறிவும் காலத்துக்கேற்ப மாறி மாறி உறைவதைக் கண்டு சொன்னவர் உலகத் தத்துவ வரலாற்றில் இவர் ஒருவரே. வீட்டுக்காரரின் முன்னிலையில் இந்த இரண்டாம் விடையை அவர் உரக்கச் சொன்னபோது, கொத்தனார் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எதிர்வாதம் செய்யவில்லை. வீட்டுக்காரர் பரிவோடு பெருமகனாரைப் பார்த்து, "நல்ல ஆள் கிடைக்கிறதே கஷ்டம் சார் இந்தக் காலத்துல" என்று ஆறுதல் சொன்னார்.

நான் உண்மையிலேயே வாயடைத்துப் போனது இதற்கு அடுத்த நாள்தான். ஞாயிற்றுக்கிழமை. கூலி கிடையாது, "உன் தப்பை நீதான் சரிபண்ணணும்" என்று தீர்ப்பு. கீறலை விரித்து வெட்டி, தூசி தட்டி, ஈரப்படுத்தி, இறுக்கமான கலவையைத் திணித்து, மேலே பூச்சு இழுத்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஸ்பாஞ்சால் ஒற்றி, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்து மேடு பள்ளம் தேடி, திரும்பவும் தேய்த்து முடித்தார் கொத்தனார். தூணின் அடியில் ஜல்லி தேன்கூடாய் இளித்துக்கொண்டிருந்த இடங்களையும் அப்படியே மூடினார். திங்களன்று வந்த வீட்டுக்காரர் விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, எங்கே கீறல் இருந்தது என்று தெரியாமல் மகிழ்ந்தார். தகப்பன் வழியாக வந்து, ஒரு வாழ்நாள் முழுக்கக் கூர்மையேறிய கைத்திறன் அது. கம்பி மடிப்பதிலும் கலவை பதத்திலும் அதைப் பயன்படுத்த ஒரு சாதாரண முதலாளிக்குத் தோன்றியிருக்கும். அதைச் சாமானியச் செலவு என்று ஒதுக்கி, எல்லாம் கெட்டுமுடிந்தபின் கெட்டது தெரியாமல் பூசுவதற்கென்றே அந்தத் திறனைச் சேமித்து வைத்திருந்த தொலைநோக்கு பெருமகனாருடையது. கொத்தனாரின் கைகள் எவ்வளவு தேர்ந்தவையோ அவ்வளவுக்குப் பெருமகனாரின் தவறுகள் அழகுபெற்றன. ஒருவர் உளற, மற்றவர் அதைக் கவிதையாக எழுதித்தரும் இந்தக் கூட்டு முயற்சிக்கு ஈடான நட்பிலக்கணம் எது?

சனிக்கிழமைச் சம்பளத்தைப் பற்றி விரிக்கத் தேவையில்லை. பெருமகனாருக்குச் சனிக்கிழமைகளில் பேங்க் சர்வர் வேலை செய்யாது என்பது மட்டும் ஊரறிந்தது. ஆண்கள் சுமக்கும் அதே சட்டியைச் சுமக்கும் பெண்களுக்குக் கூலியைக் குறைத்துக் கொடுத்து அவர்களுடைய மென்மையைப் போற்றுவார். கட்டுமானத் தொழிலாளர்களுக்கு 1994-லேயே தமிழ்நாட்டில் ஒரு நல வாரியம் வந்துவிட்டது, 1996-இல் மத்திய அரசும் தனிச் சட்டம் செய்துவிட்டது. இத்தனை பேர் அக்கறை காட்டும்போது தாமும் காட்டினால் அக்கறை மிகுந்துவிடும் என்று ஒதுங்கிக்கொள்ளும் அடக்கம் அவருடையது.

தஞ்சைப் பெரிய கோயிலை 1010-இல் கட்டி முடித்த இராசராசன், கட்டிய பெருந்தச்சரின் பெயரையும் கல்லில் வெட்டச் சொன்னான். குஞ்சரமல்லன் என்ற அந்தப் பெயரை இன்றும் அங்கே படிக்கலாம். தன் பெயரையே பட்டமாகச் சேர்த்து, இராசராசப் பெருந்தச்சன் என்று அழைத்தானாம். மாமன்னர்களுக்கும் இப்படிச் சில பலவீனங்கள் இருந்திருக்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு நம் பெருமகனார் அதைத் திருத்தி எழுதியிருக்கிறார். வாசலில் பதித்த கருங்கல் பலகையில் முதல் வரியில் அவர் திருப்பெயர், அடுத்த வரியில் அவர் மனைவியாரின் பெயர், மூன்றாம் வரியில் திறந்துவைத்த பிரமுகரின் பெயர், கடைசியில் கைபேசி எண்கள். அந்தப் பலகை கொஞ்சமும் கோணாமல் இருக்க வேண்டும் என்று மூன்று முறை கழற்றி மாட்டப்பட்டது. பதித்தவர் கொத்தனார்தான். பால் காய்ச்சிய அன்று பெருமகனாருக்குப் பட்டுச் சால்வையும் ஆளுயர மாலையும். கொத்தனாருக்கு வழக்கப்படி வேட்டி துண்டு உண்டு என்று வீட்டுக்காரர் எடுத்துவைத்திருந்தார். பந்தியில் கூட்டம் அதிகமாகிவிட்டதால் கொடுக்கும் நேரத்தில் அவரைத் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. பின்பக்கம் செப்டிக் டேங்க் மூடியின் ஓரத்தைப் பூசிக்கொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது.

பெருமகனார் தம் சொந்த வீட்டையும் அண்மையில் கட்டி முடித்தார். தாம் கட்டி விற்ற குடியிருப்புகளில் ஒன்றைத் தமக்கென்று எடுத்துக்கொள்ளாத அவருடைய துறவு மனப்பான்மையை முதலில் வணங்குகிறேன். எல்லாவற்றையும் பிறர்க்கே ஈந்துவிட்டார். சொந்த வீட்டு வேலை தொடங்கும் முன், கொத்தனாரை வீட்டுக்கே வரவழைத்து, நாற்காலி போட்டு உட்காரவைத்து, அம்மையார் கையால் காபி கொடுக்கச் சொன்னாராம். "அண்ணே, நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படியே செய்யலாம். எத்தனை மூட்டை, எத்தனை நாள் தண்ணி, எல்லாம் உங்க இஷ்டம்" என்றாராம். அன்றுவரை யோவ் என்றும் நீ என்றும் அழைத்த அதே திருவாய்.

கொத்தனார் கேட்ட இரும்பு வந்தது, கேட்ட நேரத்துக்குச் சிமென்ட் வந்தது, வைப்ரேட்டர் வந்தது, கவர் பிளாக் மூட்டையாக வந்தது. முட்டுகள் மூன்று வாரம் நின்றன. தளத்தில் பதினைந்து நாள் தண்ணீர் நின்றது, ஒரு லாரி தாமதமானபோது பெருமகனாரே போன் போட்டுச் சத்தம் போட்டார். கட்டிய காலம் முழுவதும் ஒரு வார்த்தைகூடக் குறுக்கே பேசாமல், கார் நிழலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தம் அருட்பார்வையை, தம் ஞானத்தை, தம் கொடையை, தம் குடும்பத்துக்கு மட்டும் வழங்காமல் மறுத்த அந்தத் தியாகத்தை என்னவென்று புகழ்வது?

அந்த வீட்டில் இரண்டு மழைக்காலம் போயும் மயிரிழைக் கீறல்கூட இல்லை என்று கேள்விப்பட்டேன். அதனாலேயே அந்தத் தெருவில் இப்போது ஒரு வழக்கு நடக்கிறது. அது பெருமகனார் கட்டிய வீடே இல்லை, வேறு யாரோ கட்டியதாக இருக்க வேண்டும் என்று அக்கம்பக்கத்தார் சாதிக்கிறார்களாம்.